மாநிலம் 11.19 சதவீதம் வளர்ந்ததாம். எங்கள் கிணறு அதில் எந்தப் பக்கம்?

பாலாற்றங்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லிச் சிரிக்கும் பழைய பேச்சு ஒன்று உண்டு: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு. யோசித்தால் இதுவும் ஒரு குறியீடுதான். மூன்றே கேள்வி, யாருக்கும் புரியும். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். ராஜா இனி நமக்குத் தேவையில்லை. மூன்றாவது மட்டும் அப்படியே நிற்கிறது.

போன வாரம் மச்சானோடு இது சண்டையாகிவிட்டது. அவன் சென்னையில் வேலை பார்க்கிறவன். "2024-25-ல் தமிழ்நாடு 11.19 சதவீதம் வளர்ந்திருக்கு, நீங்க இன்னும் ஆறு, கிணறுன்னு புலம்பிக்கிட்டு இருக்கீங்க" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

எங்கள் வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றை ஒட்டி மூன்று ஏக்கர், தாத்தா வெட்டிய கிணறு. நான் சின்னப் பையனாக இருந்தபோது நெல்லும் கரும்பும் மாறி மாறி வரும். குடிக்கவும் அதே தண்ணீர்தான். எண்பதுகளின் கடைசியில், தோல் பதனிடும் ஆலைக் கழிவால், கரிக்க ஆரம்பித்தது. முதலில் கண்டுபிடித்தது அம்மா: துணி சோப்பு நுரைக்கவில்லை. அப்புறம் தென்னை குரும்பையிலேயே உதிர்ந்தது. அப்புறம் நெல் கருகியது. இப்போது அந்த நிலத்தில் வேலிகாத்தான் நிற்கிறது.

இன்று வீட்டுக்கு வாரம் நாலு கேன் தண்ணீர். குளிக்கத் துவைக்கக் கோடையில் லாரித் தண்ணீர். சமையலறையில் ஒரு வடிகட்டும் மிஷின், அதைப் பழுது பார்க்க வருடத்துக்கு இரண்டு முறை ஒரு ஆள். கிணறு இனித்த காலத்தில் அந்தத் தண்ணீர் அரசாங்கத்தின் எந்த ஏட்டிலும் இல்லை. கேன், லாரி, மிஷின், மெக்கானிக் எல்லாம் இப்போது வளர்ச்சி. கிணறு செத்தது எங்கேயும் பற்று எழுதப்படவில்லை, கேன் மட்டும் வரவில் ஏறியிருக்கிறது. எங்கள் ஊர் மளிகைக்கடைச் செட்டியார்கூட இப்படிக் கணக்கு எழுத மாட்டார். நீங்களாக இருந்தால் எதை அளப்பீர்கள்?

ஆம்பூர் பையன்

அண்ணே, உங்கள் கிணற்றை நினைத்தால் எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஆளாளுக்கு ஜிடிபியை, அதாவது அந்த 11.19 வருகிற மொத்த உற்பத்திக் கணக்கை, திட்ட ஆரம்பித்தால் எனக்கு ஒரு பயம் வருகிறது.

எங்கள் வீட்டில் மூன்று ஏக்கர் எப்போதுமே இருந்ததில்லை. தாத்தா அப்படிப்பட்ட யாரோ ஒருவருடைய மூன்று ஏக்கரில் கூலிக்குப் போனவர், கூழுக்கும் படி நெல்லுக்கும். கிணறு இனித்த காலத்தில் அந்தக் கிணற்றில் அவர் கைவைத்துத் தண்ணீர் மொண்டிருக்க முடியுமா என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். அக்கா பத்தொன்பது வயதில் ஷூ கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போனாள். எங்கள் வீட்டில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. என்ற வார்த்தைகள் கேட்டது அன்றைக்குத்தான். அவள் சம்பளத்தில்தான் நான் டிப்ளமோ முடித்தேன். அந்தச் சம்பளம் உங்கள் மச்சான் சொன்ன 11.19-க்குள் இருக்கிறது.

சம்பளம் போதும், இனி மகிழ்ச்சியை அளப்போம் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஏற்கனவே சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள்.

கே.வி.குப்பத்தான்

சண்டை சூடாகிவிட்டது. ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

ஓய்வு வாத்தியார்

முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளியல் நடத்தியவன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிணற்றுக்காரர் கேட்டது ஜிடிபி பிறந்த அன்றே எழுந்த கேள்வி. அமெரிக்காவில் தேசிய வருமானக் கணக்கைப் போட்டுக்கொடுத்த சைமன் குஸ்நெட்ஸ், 1934-ல் அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையிலேயே, இந்தத் தொகையை வைத்து ஒரு நாட்டின் நலத்தை ஊகிக்க முடியாது என்று எழுதிவைத்தார். தராசு செய்து கொடுத்தவரே இதை வைத்துக் காய்ச்சல் பார்க்காதீர்கள் என்று சொன்ன மாதிரி. நாம்தான் தொண்ணூறு வருடமாக அதை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனாலும் ஒரு திருத்தம். கேன் தண்ணீரைச் சேர்த்ததில் தப்பில்லை. அந்த வருடம் என்ன உற்பத்தியாகிக் கைமாறியது என்பதுதான் ஜிடிபி. ஏரியில் இன்று எத்தனை கூடை மீன் பிடித்தோம் என்று சொல்லும். ஏரியில் மீன் மிச்சம் இருக்கிறதா என்று அதனிடம் கேட்கக் கூடாது. கிணறு என்பது இருப்பு. இருப்புக்கு வேறு ஏடு போட வேண்டும், அதைப் போடவில்லை என்பதுதான் நம் குறை.

இன்னொரு வேடிக்கை. வீட்டுச் சாப்பாட்டுக்கு என்று நீங்கள் வைத்துக்கொள்ளும் நெல் ஜிடிபியில் உண்டு. சொந்த வீட்டில் இருப்பவர் தனக்குத்தானே வாடகை கொடுப்பதாக வைத்து அந்தத் தொகையையும் சேர்க்கிறார்கள். அந்த அரிசியை உலையில் போட்டுச் சோறாக்கிப் பரிமாறும் வேலை மட்டும் கிடையாது. அதே சோற்றை மெஸ்ஸில் காசு கொடுத்துச் சாப்பிட்டால் உண்டு.

மாற்று அளவுகோல்களுக்குப் பஞ்சமே இல்லை. 1979-ல் மோரிஸ் என்பவர் எழுத்தறிவு, சிசு மரணம், ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு எதிர்பார்க்கும் ஆயுள் ஆகிய மூன்றை மட்டும் வைத்து ஒரு குறியீடு செய்தார். 1990-ல் பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் ஐ.நா.வுக்காக, ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் சேர்க்கும் மனித மேம்பாட்டுக் குறியீட்டைக் கொண்டுவந்தார். அமர்த்தியா சென்னுக்கு முதலில் அதில் விருப்பமில்லை. இவ்வளவு பெரிய வாழ்க்கையை ஒற்றை எண்ணில் அடைப்பது முரட்டு வேலை என்பது அவர் எண்ணம். ஜிடிபி அளவுக்கே முரட்டுத்தனமான ஒரு எண் இருந்தால்தான் அதை யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று ஹக் அவரைச் சம்மதிக்க வைத்தார். எனக்கு இதில் ஹக் பக்கம்தான்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நிதி ஆயோக் போடும் பல்பரிமாண வறுமைக் கணக்கில் 12 அளவுகள். தமிழ்நாட்டில் இந்த வறுமை 2015-16-ல் 4.76 சதவீதம், 2019-21-ல் 2.20. நல்ல விஷயம், மறுக்கவில்லை. அந்த 12-ல் குடிநீர் ஒன்று. மேம்பட்ட நீராதாரம் உண்டா, போய்வர அரை மணி நேரத்துக்குள் கிடைக்கிறதா என்று பார்ப்பார்கள். போர்வெல் என்றால் மேம்பட்ட ஆதாரம். அதில் ஏறி வருவது உப்பா, தோல் ஆலைக் குரோமியமா என்பது அந்தக் கேள்விக்குள் வராது. ஆகவே, கிணற்றுக்காரரே, நீங்கள் வேலி ஓரம் ஒரு போர் போட்டிருந்தால், கணக்குப்படி உங்கள் வீட்டில் குடிநீர்க் குறை இல்லை.

பாலாற்றங்கரையான்

போர் போட்டிருக்கிறோம் சார். 400 அடி. மாடுகூட வாய் வைக்காது.

ஆம்பூர் தம்பிக்கு: நீங்கள் சொன்னது சுருக்கென்று தைத்தது. எங்கள் கிணற்றில் யார் யார் மொள்ளலாம், யார் கிணற்றடியில் நின்று ஊற்றச் சொல்லி வாங்க வேண்டும் என்று இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லியிருந்தால் தப்பு.

குடியாத்தம் மருமகள்

வாத்தியார் ஐயா சோற்றைப் பற்றிச் சொன்னதால் வந்தேன். இல்லையென்றால் படித்துவிட்டுப் போயிருப்பேன்.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள். என் மாமியாரும். முந்தின நாளே இலையை நனைத்து வைக்க வேண்டும், காலையில் கத்திரியில் நறுக்க வேண்டும், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு தூளைப் போட்டுச் சுற்றி நூல் கட்ட வேண்டும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்தில் சரியில்லை என்று தள்ளிவிடும் பீடிக்குக் கூலி கிடையாது, ஆனால் இலையும் தூளும் கணக்கில் கழியும். ஒரு நாள் கணக்கெடுப்புக்கு ஒரு பெண் வந்தாள். "அம்மா, நீங்க வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டாள். மாமியார் இலை நறுக்குவதை நிறுத்தாமல், "இல்லம்மா, வீட்லதான் சும்மா இருக்கேன்" என்றார். அந்தப் பெண் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டாள். என்ன எழுதினாளோ. நான் அடுப்படியில் இருந்தேன். ஓடிவந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அப்புறம் தேடிப் படித்தேன். 2019-ல் மத்திய அரசு நாடு முழுக்க நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்று நடத்தியது. ஒரு நாளில் யார் எத்தனை நிமிஷம் எதற்குச் செலவழிக்கிறார்கள் என்று. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில், பெண்களுக்கு ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்களுக்கு 97. ஆண்களின் 97 என்பது அந்த வேலையைத் தொடுகிற ஆண்களின் சராசரி மட்டும், தொடுகிறவர்களே நாலில் ஒருவர்தான். 2024-ல் மறுபடி எடுத்தார்கள். எங்களுக்கு 289, அவர்களுக்கு 88. ஐந்து வருடத்தில் எங்களுக்குப் பத்து நிமிஷம் மிச்சம். அதே சாக்கில் அவர்களும் ஒன்பது நிமிஷம் குறைத்துக்கொண்டார்கள்.

எதை அளப்பீர்கள் என்று கேட்டால், நான் கடிகாரத்தை அளப்பேன். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளில் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத நேரம் எத்தனை நிமிஷம்? எங்கள் தெருவில் அது கழிப்பறையில் இருக்கும் நேரம்.

கே.வி.குப்பத்தான்

அதுதான் மாதம் ஆயிரம் வருகிறதே அக்கா.

குடியாத்தம் மருமகள்

வருகிறது. 2023 செப்டம்பரிலிருந்து. மாமியாருக்கு வருகிறது, எனக்கு இல்லை, ஒரு ரேஷன் அட்டைக்கு ஒருத்தர்தான். அதற்கு உதவித் தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. 289 நிமிஷத்தை முப்பதால் பெருக்கி ஆயிரத்தை அதால் வகுத்தால் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு காசுகூட வராது. வகுத்துப் பார்த்தவள் நான்தான். மாமியாரிடம் சொன்னதற்கு, "வர்றதையும் கெடுத்துடாதே" என்றார்.

மலையேறி

எல்லோரும் அளவு, எண் என்றே பேசுகிறீர்கள். பூட்டானைப் பாருங்கள். எழுபதுகளிலேயே அவர்கள் அரசர் மொத்த உள்நாட்டு உற்பத்தியைவிட மொத்த தேசிய மகிழ்ச்சி பெரிது என்று சொன்னார். 9 துறை, 33 அளவு வைத்து மக்களிடம் நேரில் போய்க் கேட்கிறார்கள். தூக்கம், அக்கம்பக்க உறவு, காடு, மொழி எல்லாம் அதில் உண்டு. நம் மாவட்டத்தில் ஏன் செய்யக் கூடாது?

ஆம்பூர் பையன்

செய்யலாம். அதே பூட்டானிலிருந்து தொண்ணூறுகளில் நேபாளி பேசும் மக்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் அகதிகளாக வெளியேறி நேபாள முகாம்களில் கிடந்தார்கள். வெளியே போனவர்களிடம் யாரும் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்டு வகுத்திருக்க மாட்டார்கள். அளவுகோல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், யாரை எண்ணுகிறோம் என்பது அதற்கு முன்னால் வருகிற கேள்வி.

ஓய்வு வாத்தியார்

சபாஷ் தம்பி.

உலக மகிழ்ச்சி அறிக்கை என்று வருடா வருடம் வருகிறதே, 2018-லிருந்து பின்லாந்து முதலிடத்தில் நிற்கிற அது, அடிப்படையில் ஒரே கேள்விதான். ஓர் ஏணியைக் கற்பனை செய்யுங்கள், கீழே 0, உச்சியில் 10, உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் இருக்கிறது? நான் விளையாட்டாக எங்கள் தெருவில் கேட்டுப் பார்த்தேன். "ஏதோ இருக்கிறோம்" என்றார் ஒருவர். "பரவாயில்லை" என்றார் இன்னொருவர். "அவன் புண்ணியத்தில் ஓடுகிறது" என்றார் மூன்றாமவர். இதில் எது 4, எது 7? கேட்டது மே மாதம் வேறு. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் நின்றுகொண்டு பத்து என்று சொல்கிறவன் யாராவது இருந்தால் அவனை வேறு இடத்தில்தான் காட்ட வேண்டும்.

கே.வி.குப்பத்தான்

டீ ஆறிவிட்டது, ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். காட்பாடியில் இறங்கி சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வங்காளக் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் லாட்ஜ் வாடகை, ஆட்டோ, மீன் சாப்பாடு எல்லாம் நம் ஊர் வருமானம். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய இடம் இன்று ஒரு ஊருக்கே சோறு போடுகிறது. அவர்கள் ஊரில் நல்ல ஆஸ்பத்திரி வந்தால் அவர்களுக்கு நலம் கூடும், நம் லாட்ஜ்காரர்களுக்கு வளர்ச்சி குறையும். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று படித்தவர்கள் சொல்லுங்கள்.

செய்யாறு தாத்தா

பேரப்பிள்ளை தட்டிக் கொடுக்கிறான், நான் சொல்லச் சொல்ல.

பழைய வடஆற்காடு ஜில்லாக்காரன் நான். இப்போது மூன்று நாலு ஜில்லாவாகப் பிரித்துவிட்டார்கள். 1989-ல் திருவண்ணாமலை தனியாகப் போயிற்று, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும். நீங்கள் எல்லோரும் என்ன அளக்கலாம் என்று பேசுகிறீர்கள். நம் ஜில்லாவை அளந்த மாதிரி இந்த நாட்டில் வேறு ஜில்லாவை அளந்திருக்கிறார்களா என்பதே சந்தேகம், அது தெரியுமா?

எங்கள் பக்கத்தில் தூசி என்று ஒரு கிராமம், காஞ்சிபுரம் போகிற வழியில். 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை விட்டுச் சில கிராமங்களை வீடு வீடாகக் கணக்கெடுக்கச் சொன்னார். அதில் தூசியும் ஒன்று. முப்பதுகளில் மறுபடி போனார்கள். அறுபதுகளில் போனார்கள். எண்பதுகளில் போனார்கள். நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று, கூலி எவ்வளவு, எந்தத் தெருவில் எத்தனை வீடு என்று. ஒரு ஊரை எழுபது வருடம் திரும்பத் திரும்பக் கேட்டால் அது ஒரு குறியீட்டைவிட அதிகம் பேசும்.

அப்புறம் பசுமைப் புரட்சி வந்ததே, ஐ.ஆர்.8 நெல், அப்போது 1973-74-ல் வடஆற்காட்டில் 11 கிராமங்களை வெளிநாட்டுக்காரர்களும் நம்மவர்களும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். பெரிய விவசாயிக்குத்தான் லாபம் என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. அதே கிராமங்களுக்கு 1982-லிருந்து 84 வரை கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தாரும் ஒரு சர்வதேச நிறுவனத்தாரும் போனார்கள். 1982-83 கடும் வறட்சி. அந்த வருடக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் ஊர் அழிந்தது என்று எழுதியிருப்பார்கள். அடுத்த வருடம் மழை. அதை 73-74-ஓடு ஒப்பிட்டபோது சிறு விவசாயியும் கூலிக்காரரும்கூட மேலே வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. நான் அந்த வறட்சியில் இரண்டு எருமையை விற்றவன். எந்த வருடம் வந்து கேட்கிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

பாலாற்றங்கரையான்

ஐயா, வணக்கம். இதைப் படித்தபிறகு இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு ஒன்று தோன்றுகிறது, சரியா என்று சொல்லுங்கள்.

மாற்றுக் கணக்கு எங்கேயோ பூட்டானில் இருக்கிறது என்று தேடுகிறோம். அது நம் ஊரிலேயே ஒரு தடவை போடப்பட்டிருக்கிறது, நீதிமன்றத்தில். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் பதனிடும் ஆலைகள் இருக்கும் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்ற வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்பது இந்திய சட்டத்தில் ஒரு பகுதி என்று சொன்னார்கள். ஒவ்வொரு ஆலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். அதைவிட முக்கியம், சூழலுக்கு ஏற்பட்ட இழப்பை மதிப்பிட்டு, யாருக்கு எவ்வளவு, யாரிடமிருந்து எவ்வளவு என்று தீர்மானிக்க ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னார்கள்.

யோசித்துப் பாருங்கள். இன்னார் நிலம், இத்தனை சென்ட், இவ்வளவு இழப்பு, கொடுக்க வேண்டியவர் இன்னார். நான் முதலில் கேட்டேனே, கிணற்றை எங்கே பற்று எழுதுவது என்று, அதைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதே தீர்ப்பில் ஏற்றுமதியால் வரும் அந்நியச் செலாவணியைப் பற்றியும் வருகிறது. தோல் தொழில் நாட்டுக்கு முக்கியம், ஆனால் அதற்காக மண்ணையும் தண்ணீரையும் உயிரையும் அழிக்க உரிமை இல்லை என்று. எங்கள் குடும்பத்துக்கு வந்த ஈட்டுத் தொகை ஒரு போர் போடக் காணவில்லை. ஆனாலும் அந்தக் காகிதத்தை அப்பா பெட்டியில் வைத்திருந்தார். 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி இதே விவகாரத்தில், ஈடு கொடுத்து முடியுங்கள், ஆலைகளிடம் வசூலியுங்கள், ஆற்றை மீட்கக் குழு அமையுங்கள் என்று சொல்லியிருக்கிறது. இருபத்தெட்டு வருடம் கழித்து.

அதனால் எனக்கு இப்போது மகிழ்ச்சி மார்க்கு வேண்டாம். ஜிடிபியும் இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குப் பக்கத்திலேயே, அதே பக்கத்தில், பெயர் போட்டு ஒரு பற்றுப் பத்தி வேண்டும்.

ஆம்பூர் பையன்

அண்ணே, இதற்கு நான் எதிர்ப்புச் சொல்லவில்லை. ஒன்றைச் சேர்க்கிறேன்.

2015 ஜனவரி 31. ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக் கழிவுத் தொட்டியின் சுவர் நள்ளிரவுக்குப் பிறகு உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். உங்கள் பற்றுப் பத்தியில் நிலம் இருக்கிறது, கிணறு இருக்கிறது. அவர்களுக்கு இங்கே நிலமும் இல்லை, கிணறும் இல்லை. நம் மாவட்டச் சராசரி ஆயுளில் அவர்கள் வருவார்களா, அவர்கள் ஊர்ச் சராசரியிலா? அன்றைக்கு இரவு ஷிப்ட்டில் என் சித்தப்பா பையன் வேறொரு இடத்தில் வேலையில் இருந்தான். செய்தி கேட்டு சித்தி விடியும்வரை போன் போட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஜிடிபிக்கு வக்கீல் இல்லை. கூலிக்காரனை எண்ணாத எந்தக் கணக்கிலும் எனக்கு நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்.

ஓய்வு வாத்தியார்

இப்படி ஒரு பத்தி போட முயன்றவர்கள் உண்டு. சீனா 2004-ம் ஆண்டுக்குப் பசுமை ஜிடிபி போட்டு 2006-ல் வெளியிட்டது. மாசினால் ஏற்பட்ட இழப்பு ஜிடிபியில் 3.05 சதவீதம் என்று வந்தது. மாகாண அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. தங்கள் வளர்ச்சி எண் சுருங்கினால் யாருக்குப் பிடிக்கும்? அடுத்த வருடமே திட்டம் முடங்கியது. இந்தியாவில் பார்த்தா தாஸ்குப்தா தலைமையிலான குழு 2013-ல் பசுமைக் கணக்குக்கு ஒரு வரைவு கொடுத்தது. 2025-ல் ஐ.நா. ஒப்புக்கொண்ட புதிய கணக்கு முறையில், இயற்கை வளம் தேய்வதை உற்பத்திச் செலவாகக் கழித்து நிகர உற்பத்தியைப் பார்க்கச் சொல்கிறார்கள். கிணறு அதற்குள் வருமா என்பது எழுதுகிற குமாஸ்தாவின் கையில் இருக்கிறது.

நம்மவர் ஒருவர் எனக்கு ஞாபகத்துக்கு வருகிறார். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. லண்டனில் படித்த தணிக்கையாளர், பம்பாயில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர், காந்தியிடம் போய்ச் சேர்ந்தார். சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றி எழுதிய புத்தகத்தில், முதலை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு வருமானம் என்று சொல்லாதே என்கிற ஆடிட்டர் புத்தியைத்தான் நான் பார்க்கிறேன். கிணற்றுக்காரரின் செட்டியாரும் அதைத்தானே சொல்வார்?

குடியாத்தம் மருமகள்

எல்லோரும் பெரிய பெரிய ஏடு சொல்கிறீர்கள். பாலாற்று அண்ணனிடம் ஒரு சின்னக் கேள்வி. முதல் பதிவில் சோப்பு நுரைக்கவில்லை என்று உங்கள் அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார் என்று எழுதினீர்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அதற்குப் பிறகு அம்மாவின் சோப்பு என்ன சொன்னது? யாராவது அவரிடம் கேட்டீர்களா?

பாலாற்றங்கரையான்

கேட்கவில்லை அக்கா. இப்போது போய்க் கேட்டேன்.

வெள்ளம் வடிந்து பதினைந்து நாள் கழித்துக் கிணற்றில் வாளி விட்டுப் பார்த்தாராம். நுரைத்ததாம். எங்களிடம் சொல்லவே இல்லை. "சொன்னா நீங்க உடனே நெல்லு போடணும்பீங்க, எத்தனை நாளைக்குன்னு தெரியாம எப்படிச் சொல்றது" என்றார். பங்குனி வரை நுரைத்ததாம். சித்திரையில் பாதி நுரை. வைகாசியில் பழையபடி திரி திரியாகிவிட்டதாம். எந்த வருடம் எந்த மாதம் என்று தேதியோடு சொல்கிறார். 2015 மழைக்கும் சொல்கிறார். தொண்ணூறுகளில் ஒரு முறை நாலு வாரம் நுரைத்ததாம், அதற்கும்.

ஓய்வு வாத்தியார்

எழுதி வாங்குங்கள் ஐயா, உடனே. கையெழுத்தோடு.

பாலாற்றங்கரையான்

நோட்டுப் போட்டுவிட்டேன் சார். முதல் பக்கத்தில் அம்மா பெயர். இன்று காலை அவரே கிணற்றடிக்கு வந்து வாளி இறக்கச் சொன்னார். அரை வில்லை சோப்பு, ஒரு பழைய துண்டு, பத்து தேய்ப்பு என்று கணக்கு வைத்திருக்கிறார், எப்போதும் அதே பத்துதானாம். நுரை இல்லை. தேதி போட்டு எழுதிவிட்டேன். அடுத்தது ஆடி பிறந்ததும் பார்க்கலாம் என்றார்.